காட்டுமலர் தீட்டிய அம்மையார்

நிலத்திற்குப் பூவின் பெயரையே இட்டு வழங்கியவர் பழந்தமிழர். மலைநிலத்தைக் குறிஞ்சி என்றனர். காட்டுநிலத்தை முல்லை என்றனர். வயல்நிலத்தை மருதம் என்றனர். கடற்கரையை நெய்தல் என்றனர். ஒரு பூவை அறிய விரும்புவோர் அது பூக்கும் நிலத்தையும் அறிதல் வேண்டும் என்னும் உண்மை இப்பெயர்களுள் அடங்கிக் கிடக்கின்றது. தமிழ்நூல் எதனையும் கல்லாமலே இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையிற் கடைப்பிடித்த பெண்மணி ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டில் வாழ்ந்தார். மேரியான் நார்த் என்பது அவர் பெயர். தோட்டத்தினின்றும் பறித்து வந்த மலரை வீட்டினுள் இருந்து வரைதல் அக்காலத்துப் பெண்டிரிடையே பெருவழக்காய் இருந்தது. இவ்வம்மையாரோ மலரைத் தம்மிடம் வரவழைத்தாரல்லர். மலர் இருக்குமிடம் நாடித் தாமே சென்றார். காட்டிலும் மலையிலும் அமர்ந்து, அது வளரும் மண்ணோடும் மரத்தோடும் வானத்தோடும் சேர்த்து, எண்ணெய் வண்ணத்தால் அதனைத் தீட்டினார்.

இளமைப் பருவம்

மேரியான் நார்த் 1830ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் பிரெடரிக் நார்த் என்பவர் செல்வக்குடியிற் பிறந்தவர். அவ்வூரின் சார்பாகப் பாராளுமன்ற உறுப்பினராய் விளங்கியவர். தந்தையாருக்கு மகளிடத்துப் பேரன்பு உண்டு. இருவரும் செடிகொடிகளில் ஒத்த விருப்பமுடையவர். தம் வீட்டுத் தோட்டத்தில் கண்ணாடி மனைகள் அமைத்து, குளிர்நாட்டில் இயல்பாக வளராத செடிகளையும் வளர்த்து மகிழ்ந்தனர்.

இளமையில் அம்மையாரின் உள்ளத்தைக் கவர்ந்தது ஓவியமன்று, இசையே. நல்லாசிரியரிடம் வாய்ப்பாட்டைப் பல்லாண்டு முயன்று பயின்றார். ஆனால், அவர்தம் குரல் நிலைத்து நின்றிலது. பாட்டே தம் வாழ்வு என்று எண்ணியிருந்த ஒருவருக்கு இஃது எத்துணைத் துயர் தந்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். எனினும், அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர்; தூரிகையைக் கையில் எடுத்தார். விக்டோரியா அரசியாரின் மலரோவியராய் இருந்த வாலன்டைன் பார்த்தலோமியு என்பவரிடம் சிலகாலம் மலர் வரையும் முறையைக் கற்றுக்கொண்டார். பிற பயிற்சியெல்லாம் அவர் தாமே தேடிக்கொண்டவை.

1855ஆம் ஆண்டில் அவர்தம் அன்னையார் காலமானார். தந்தையாரை விட்டு என்றும் பிரியலாகாது என்று அன்னையார் தம் இறுதிக்காலத்தில் மகளிடம் உறுதி பெற்றிருந்தார். மகளும் அவ்வுறுதியைக் காத்தார்; மணம் செய்துகொள்ளாமல் தந்தையாருக்குத் துணையாய் இருந்து, அவருடன் ஐரோப்பிய நாடுகளுக்கும் எகிப்து, சிரியா முதலிய கீழைநாடுகளுக்கும் சென்றுவந்தார்.

ஒரு பூங்கொத்து

இலண்டன் மாநகரின் அருகில் கியூ என்னும் இடத்தில் உலகப் புகழ்பெற்ற தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் தலைவராய் இருந்த சர் வில்லியம் ஹூக்கர் என்பவர் நார்த் குடும்பத்தாரின் நண்பர். ஒருமுறை அவரைக் காணச் சென்ற அம்மையாருக்கு அவர் ஒரு பூங்கொத்தைப் பரிசளித்தார். அது பர்மா நாட்டுக் காடுகளுக்கு உரிய ஆம்ஹெர்ஸ்டியா என்னும் மரத்தின் பூங்கொத்து. செந்நிறப் பூக்கள் சரஞ்சரமாய்த் தொங்கும் அம்மரம், ஆங்கில நாட்டிற் கண்ணாடி மனைக்குள்ளே அரிதிற் பூத்தது. ‘கண்ணாடிச் சிறைக்குள்ளேயே இத்துணை அழகாகப் பூக்குமாயின், தன் நாட்டில், தன் வெயிலில், தன் மழையில் இம்மரம் எவ்வாறு பூக்கும்?’ என்னும் ஏக்கம் அம்மையார் உள்ளத்தில் அன்று வித்தாய் விழுந்தது. அவ்வித்து முளைத்தற்குப் பல்லாண்டுகள் ஆயின.

எண்ணெய் வண்ணம்

மலர் வரைவோர் அந்நாளிற் பெரும்பாலும் நீர்வண்ணத்தையே கையாண்டனர். வெண்மையான தாளின் நடுவில் ஒரு கிளையை மட்டும் மெல்லிய வண்ணத்தால் வரைவர். சுற்றிலும் தாளின் வெண்மையே நிற்கும். தாவர நூலார்க்கு அம்முறை பெரிதும் பயன்பட்டது. ஆயினும், அப்படத்திற் செடி இருக்கும். அதன் வீடு இராது.

1867ஆம் ஆண்டில் இராபர்ட் டௌலிங் என்னும் ஓவியர் அம்மையாருக்கு எண்ணெய் வண்ணம் கையாளும் முறையைக் கற்பித்தார். அன்று பற்றிய ஆர்வம் பின்னர் அவரை விட்டு நீங்கவே இல்லை. எண்ணெய் வண்ணத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் ஈண்டு வேண்டப்படும். வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்து இது செய்யப்படுகின்றது. நீர்வண்ணம் தாளிற் படிந்து ஊறும். எண்ணெய் வண்ணமோ தாளின்மேல் உடம்பு பெற்று நிற்கும். கருமையான நிறத்தின்மேல் வெளிறிய நிறத்தை ஏற்றலாம். ஒரு பூச்சின்மேல் மற்றொரு பூச்சை அடுக்கலாம். தடித்துப் பூசினால் தூரிகையின் தடமும் மறையாமல் நிற்கும். மரப்பட்டையின் சொரசொரப்பும் இதழின் தடிப்பும் கண்ணாலே தொட்டறியத்தக்கனவாய்த் தோன்றும். செறிந்த கானகத்தின் இருளையும், அவ்விருளின் நடுவே கனன்று நிற்கும் செம்மலரையும் ஒருங்கே காட்டுதற்கு இதனினும் ஏற்ற கருவி இல்லை. 1841ஆம் ஆண்டில் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்கர் வண்ணத்தை அடைத்து வைக்கும் உலோகக் குழாயை உருவாக்கி உரிமை பெற்றிருந்தார். அதனால் வண்ணங்களைப் பெட்டியில் இட்டு எவ்விடத்திற்கும் எடுத்துச் செல்லுதல் எளிதாயிற்று.

ஆயினும், இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. எண்ணெய் வண்ணம் விரைந்து உலராது. பூச்சுத் தடிக்கத் தடிக்க உலரும் காலமும் நீளும். மலரோ காத்திராது, காலையில் விரிந்தது மாலைக்குள் வாடும். ஆகவே, காட்டில் இருந்து எண்ணெய் வண்ணம் தீட்டுவோர்க்கு விரைந்த கையும் உறுதியான கண்ணும் வேண்டும். இவ்விரண்டையும் அம்மையார் இடைவிடாப் பயிற்சியால் ஈட்டிக்கொண்டார்.

தனிவழிப் பயணம்

1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தந்தையார் மறைந்தார். முப்பத்தொன்பது அகவை நிரம்பிய அம்மையாருக்கு உலகமே வெறுமையாயிற்று. தாயும் இல்லை, தந்தையும் இல்லை, தமக்கெனக் குடும்பமும் இல்லை. அத்துயரினின்றும் மீளுதற்கு அவர் கண்ட வழி உழைப்பு ஒன்றே. பலவாண்டுகளுக்கு முன் உள்ளத்தில் விழுந்த வித்து அப்பொழுது முளைத்தது. வெப்ப நாடுகளின் செடிகொடிகளை அவை வளரும் இடங்களிலேயே கண்டு தீட்டுவது என்று உறுதி கொண்டார்.

1871ஆம் ஆண்டில் அம்மையார் கப்பலேறி அமெரிக்க நாட்டையும் கனடாவையும் கண்டு, அவ்வாண்டின் இறுதியில் ஜமைக்காத் தீவை அடைந்தார். அங்கே கேட்பாரற்றுக் காடடர்ந்து கிடந்த பழைய தாவரத் தோட்டம் ஒன்றில் இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியே தங்கினார். விடியுமுன் எழுவார், வண்ணப்பெட்டியுடன் வெளியே செல்வார், நண்பகல் வரையில் தீட்டுவார், மழை வந்தால் வீட்டினுள் இருந்து தீட்டுவார். அடுத்த ஆண்டிற் பிரேசில் நாட்டிற்குச் சென்றார். ஏறத்தாழ ஓராண்டு அந்நாட்டிலே தங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தீட்டினார்.

செல்வமும் தந்தையாரின் நட்பும் அவர்க்கு உதவின என்பது உண்மையே. பல நாடுகளில் ஆளுநர் மாளிகைகள் அவரை வரவேற்றன. ஆனால், அவர் விரும்பியது மாளிகை விருந்தன்று. விருந்தினின்றும் விரைவில் விடைபெற்று, குதிரைமீதும் கால்நடையாகவும் காட்டு வழியிற் செல்லுதலே அவர்க்கு உவப்பாயிற்று. அட்டைகளும் கொசுக்களும் நிறைந்த சதுப்புநிலத்தில் அமர்ந்து தீட்டுவார்க்குச் செல்வம் என்ன துணை செய்யும்? பெண்ணொருவர் தனியே நெடுந்தொலைவு செல்லுதலைப் பலரும் வியப்புடன் நோக்கிய அந்நாளில், பயனுள்ள ஒரு பணியின் பொருட்டு அவர் அவ்வியப்பையும் ஏளனத்தையும் பொருட்படுத்தாது நடந்தார்.

அவர் பெயர் தாங்கிய செடி

1875ஆம் ஆண்டில் மீண்டும் புறப்பட்டு, கானரித் தீவுகள், கலிபோர்னியா, ஜப்பான் ஆகிய இடங்களைக் கண்டு சிங்கப்பூரை அடைந்தார். இளமையிற் பூங்கொத்தாகக் கையிற் பெற்ற ஆம்ஹெர்ஸ்டியாவை அங்கே இலையும் பூவுமாகத் தம் தூரிகையால் தீட்டி மகிழ்ந்தார். பின்னர்ப் போர்னியோத் தீவில் உள்ள சரவாக் நாட்டிற்கு 1876ஆம் ஆண்டிற் சென்றார்.

அத்தீவின் சுண்ணாம்புக்கல் மலைகளில் கெண்டிச்செடி வகையொன்று வளர்ந்தது. இலையின் நுனியிற் கெண்டி போன்ற பை தொங்க, அதனுள் வீழும் சிறு பூச்சிகளை உண்டு வாழ்வது கெண்டிச்செடி. அம்மையார்க்குக் கிடைத்த செடியின் கெண்டிகள் மிகப் பெரியன. அவர் அவற்றை அளவும் நிறமும் பிறழாமல் தீட்டினார். அப்படம் இலண்டனை அடைந்தபோது தாவர நூலார் வியந்தனர். ஏனெனில், அச்செடி அதுவரையில் அவர்கள் அறியாதது. பின்னர், செடி வளர்க்கும் நிறுவனத்தார் ஒருவர் ஆளனுப்பி அச்செடியைத் தேடிக் கொணர்ந்தனர். சர் வில்லியம் ஹூக்கரின் மகனாரும் கியூ தோட்டத்தின் தலைவருமான சர் ஜோசப் ஹூக்கர் 1881ஆம் ஆண்டில் அச்செடிக்கு நெப்பந்தெஸ் நார்த்தியானா என்று அம்மையாரின் பெயரையே சூட்டினார். ஓவியம் அறிவியலுக்கு வழிகாட்டியது. உள்ளதை உள்ளவாறே தீட்டியமையால் வந்த சிறப்பு அது.

தென்னாட்டில்

சரவாக்கிலிருந்து ஜாவாத் தீவிற்கும், அக்காலத்தில் சிலோன் எனப்பெற்ற இலங்கைக்கும் சென்று தாயகம் திரும்பிய அம்மையார், 1877ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தார். தூத்துக்குடியிற் கரையிறங்கி, மதுரையையும் தஞ்சாவூரையும் கண்டார். தென்னாடு அப்பொழுது தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையினின்றும் முற்றும் மீளாதிருந்தது. தஞ்சையில் நீதிபதியாய் இருந்த பர்னெல் என்பவர் வடமொழியில் ஆழ்ந்த புலமையுடையவர். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். அவர் இல்லத்தில் அம்மையார் விருந்தினராய்த் தங்கினார். இந்நாட்டு மக்கள் தெய்வத்தன்மை வாய்ந்தன என்று போற்றும் செடிகளையும் மரங்களையும் பற்றிப் பர்னெல் அவர்க்கு எடுத்துரைத்தார். அதனைக் கேட்ட அம்மையார், அத்தகைய மரஞ்செடிகளை இந்நாடெங்கும் தேடித் தீட்டலானார். தஞ்சைப் பெரிய கோயிலும் அவர்தம் தூரிகைக்கு இலக்காயிற்று.

பின்னர் மேற்குக் கடற்கரையையும் வடநாட்டையும் இமயமலைச் சாரலையும் கண்டு, ஓராண்டுக்கு மேல் இந்நாட்டில் தங்கி, இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தீட்டினார். பூவையும் கோயிலையும் மரத்தையும் மலையையும் வேறுவேறாகப் பிரிக்காமல், ஒரு நாட்டின் முகமாக ஒருங்கே கண்டார்.

ஆஸ்திரேலியக் காட்டுமலர்கள்

1879ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அம்மையார் தம் படங்களை இலண்டனிற் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டு வந்து கண்டனர். அப்பொழுது அவர்க்கு ஓர் எண்ணம் தோன்றியது. இப்படங்களை விற்றால் அவை நூறு வீடுகளிற் பிரிந்து மறையும்; ஒரே இடத்தில் வைத்தால் கடல் கடந்து செல்ல இயலாத ஏழை எளியவரும் உலகத்துக் காடுகளையெல்லாம் காணலாம். எனவே, கியூ தோட்டத்தில் தம் செலவிலேயே ஓர் ஓவியக்கூடம் கட்டித் தரவும், படங்கள் அனைத்தையும் நாட்டுக்கே உரிமையாக்கவும் விரும்புவதாகச் சர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதினார். அவரும் மகிழ்ந்து இசைந்தார்.

அந்நாளில் அம்மையார், அறிவியல் அறிஞர் சார்லஸ் டார்வினைக் கண்டார். ஆஸ்திரேலிய நாட்டின் செடிகொடிகள் பிறநாட்டுச் செடிகொடிகளினின்றும் பெரிதும் வேறுபட்டவை என்றும், அவற்றைக் காணாமல் உலகத் தாவரங்களின் படத்தொகுதி நிறைவுபெறாது என்றும் டார்வின் உரைத்தார். அவர் சொல்லை அம்மையார் அரசகட்டளையாகவே ஏற்றார்; கூடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே, 1880ஆம் ஆண்டிற் புறப்பட்டார்.

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் வேனில் தொடங்குமுன் காட்டுமலர்கள் நிலத்தை மூடிப் பூக்கும். அங்குள்ள மலர்கள் நம் நாட்டு மல்லிகையும் முல்லையும் போல மென்மையானவை அல்ல. பேங்க்சியாவின் பூத்தண்டு சோளக்கதிர் போலத் தடித்துக் கம்பிகளாற் கட்டியது போன்று நிற்கும். ஒருவகை யூகலிப்டஸின் இலையில் வெண்சாம்பல் பூசியது போன்ற நிறமும் மலரிற் செந்நிறமும் இருக்கும். நெருப்புமரம் என்பது பொன்னிறப் பூக்களால் எரிவது போலத் தோன்றும். தடிப்பும் முரட்டுத்தன்மையும் வாய்ந்த இம்மலர்களை மெல்லிய நீர்வண்ணத்தினும் செறிந்த எண்ணெய் வண்ணமே நன்கு காட்டவல்லது. அம்மையார் அவற்றை அழுத்தமான நிறங்களில், காட்டின் பின்னணியோடு தீட்டினார். ஆல்பனி என்னும் ஊரில் அவரைக் கண்ட எல்லிஸ் ரோவன் என்னும் இளம் பெண்மணி அவரால் ஊக்கம் பெற்று, பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற மலரோவியர் ஆனார்.

நியூசிலாந்தையும் கலிபோர்னியாவையும் கண்டு 1881ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அம்மையார், தாம் தீட்டிய படங்களை எடுத்துக்கொண்டு டார்வினின் இல்லத்திற்குச் சென்று காட்டினார். முதுமையுற்றிருந்த அவ்வறிஞர் அவற்றைக் கண்டு மகிழ்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் திங்களில் டார்வின் உலக வாழ்வை நீத்தார்.

ஓவியக்கூடம்

கூடத்தை அமைத்தவர் ஜேம்ஸ் பெர்குசன். இந்தியக் கட்டடக்கலை பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். கூடத்தின் உயரத்திற் பலகணிகள் அமைத்து மேலிருந்து ஒளி வருமாறும், இந்நாட்டு வீடுகளைப் போல வெளிப்புறத்தே தாழ்வாரம் இருக்குமாறும் அதனைக் கட்டினார். அம்மையார் ஏறத்தாழ ஓராண்டு முயன்று, படங்களை நாடுவாரியாக வகுத்து, இடைவெளியின்றித் தம் கையாலேயே சுவர்களிற் பொருத்தினார். படங்களின் கீழே உலகின் பல பகுதிகளினின்றும் தாம் தொகுத்த 246 வகை மரப்பலகைகளைப் பதித்தார். 1882ஆம் ஆண்டில் கூடம் மக்களுக்காகத் திறக்கப்பெற்றது.

இக்கூடத்தைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. நெடுந்தொலைவு நடந்து வரும் மக்கள் களைப்பாறுதற்குத் தேநீரும் காப்பியும் அங்கே கிடைத்தல் வேண்டும் என்று அம்மையார் விரும்பினார். ஹூக்கர் அதற்கு இசைந்திலர். அம்மையார் வாதிட்டாரல்லர், கூடத்தின் வாயில்களுக்கு மேலே தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் ஓவியமாகத் தீட்டிவிட்டார்!

இறுதிக்காலம்

கூடம் திறந்தபின் ஓய்ந்திருத்தல் அவர்க்கு எளிது. ஆனால், சுவரை நோக்கியபோது ஆப்பிரிக்காவின் இடம் வெறுமையாய் இருத்தலைக் கண்டார். அவ்வாண்டே தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். காது கேளாமை மிகுந்தது, உடல் தளர்ந்தது, எனினும், 1883ஆம் ஆண்டில் சீஷெல்ஸ் தீவுகளுக்கும் சென்றார். அங்கே அவர் தீட்டிய மரம் ஒன்று புதிய இனம் என்று கண்டறியப்பட்டு, அதுவும் அவர் பெயரைப் பெற்றது. அங்கு நோயுற்றுத் திரும்பியவர், சிறிது தேறியவுடனே 1884ஆம் ஆண்டில், அராகேரியா மரங்கள் காடாக வளரும் சிலி நாட்டிற்குச் சென்றார். அதுவே அவர்தம் இறுதிப் பயணம். விக்டோரியா அரசியார் அம்மையாரின் பணியைப் பாராட்டித் தம் கையொப்பமிட்ட நிழற்படத்தை அவர்க்குப் பரிசளித்தார்.

1886ஆம் ஆண்டில் ஆல்டர்லி என்னும் சிற்றூரில் ஒரு வீட்டைக் கொண்டு, தோட்டம் அமைத்து வாழத் தொடங்கினார். உலகைச் சுற்றிய கால்கள் அத்தோட்டத்தின் அளவில் ஓய்ந்தன. 1890ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அறுபது அகவை நிரம்புதற்குச் சில திங்களே எஞ்சியிருந்தன. அவர் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகளைத் தங்கையார் பதிப்பித்து, 1892ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அழியாச் செல்வம்

கியூ தோட்டத்தில் அக்கூடம் இன்றும் நிற்கின்றது. அண்மைக் காலத்தில் அதனைச் செப்பனிட்டு, படங்களையும் தூய்மை செய்துள்ளனர். சுவர்களில் 832 படங்கள் உள்ளன. அம்மையார் கண்ட காடுகளுட் பல இன்று அன்று இருந்தவாறு இல்லை. கலிபோர்னியாவின் வானளாவிய ரெட்வுட் மரங்கள் வெட்டப்படுதலைக் கண்டு அவரே நெஞ்சம் வருந்தினார். காட்டை அழித்தல் எளிது. அழிந்த காட்டை மீண்டும் ஆக்குதல் அரிது. அவர் தீட்டிய ஓவியங்கள், எவையெவை நம்மிடம் இருந்தன என்பதைச் சொல்லும் சான்றுகளாய் இன்று நிற்கின்றன.

குரல் போயிற்றே என்று கலங்கி நின்றிருந்தால் அவர்தம் தூரிகை பிறந்திராது. தந்தையார் மறைந்தாரே என்று முடங்கியிருந்தால் அவர்தம் பயணம் தொடங்கியிராது. இழப்பை உழைப்பாக மாற்றினார். உழைப்பின் பயனை உலகுக்கே உரிமையாக்கினார். மாணவர்களே, நம் ஊர்ப்புறத்திலும் ஆவிரையும் ஆதொண்டையும் தும்பையும் ஊமத்தையும் எவராலும் நோக்கப்படாமலே பூத்து உதிர்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் அது பூக்கும் இடத்திற்கே சென்று, அமர்ந்து, உற்று நோக்குவீர்களாயின், அம்மையார் தம் வாழ்நாளெல்லாம் செய்த பணியின் முதற்படியில் நீங்களும் கால்வைத்தவர் ஆவீர்கள்.